அடுத்த தெருவை எட்டாத உல்லாசம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலாக்கா நகரின் ஆற்றங்கரையில் தமிழ்த் தம்பதியருக்குக் குறைவில்லை. ஆற்றைப் பார்த்த விடுதியில் ஓர் அறை. இரண்டு நாள் ஓய்வு. படகில் முக்கால் மணி நேரச் சவாரி. டச்சுக்காரரின் சிவப்புக் கட்டடத்தின் முன் ஒரு படம். பாட்டு முழங்கும் திரிஷாவில் ஒரு சுற்று. இரவில் ஜோங்கர் தெருவில் செண்டோல். ஊர் திரும்பியதும், மலாக்காவைப் பார்த்தாயிற்று என்று கணவர் கூற, மனைவியும் தலையசைப்பார்.

இதனைக் குறை கூறினால் சினந்தெழுவோர் உளர். ஓய்வெடுக்கச் சென்றவர்களைச் சரித்திரம் படிக்கச் சொல்வதா என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். ஆனால் ஓய்வு என்பது யாது? சோற்றுருண்டைக் கடை வாசலில் ஒரு மணி நேரம் வெயிலில் வரிசை பிடித்து நிற்பது ஓய்வாம். அடுத்த தெருவுக்கு ஆற அமர நடந்து செல்வது மட்டும் படிப்பாம்! விந்தையான கணக்கு இது.

ஜோங்கர் தெருவுக்கு இணையாக ஓடுகிறது ஜாலான் துக்காங் இமாஸ். பொற்கொல்லர் தெரு என்று பொருள். டச்சு ஆட்சியினர் மலாக்காச் செட்டி சமூகத்தாருக்கு அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கேதான் உள்ளது. அதன் அருகிலேயே 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் முதலில் மரத்தால் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல்; சில அடி தள்ளிச் சீனரின் செங் ஹூன் தெங் ஆலயம். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக ஏற்றதற்கு இத்தகைய அண்மையும் ஒரு காரணம்.

படகு செல்லும் ஆறும் வெறும் நீர்வழியன்று. சுல்தான்களின் காலத்தில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையினரின் அலுவல் அவருள் ஒருவர் பொறுப்பில் இருந்ததைப் போர்த்துகீசியரான தொமே பிரெஸ் எழுதி வைத்துள்ளார். 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றியபின், நைனா சாத்து என்னும் வணிகரைப் பெண்டஹாராவாக அமர்த்தினர். கோட்டைக்கு எதிர்க்கரையில் இருந்த கம்போங் கெலிங் குடியிருப்பை 1613-இல் எரேதியா தம் நூலில் குறித்துள்ளார். அக்கரையை ஒட்டியே இன்று உல்லாசப் படகு செல்கிறது. தம்பதியரோ சுவரோவியங்களைப் படமெடுத்துக் கொண்டிருக்கின்றனர்.

ரப்பர்த் தோட்டத்தோடுதான் இம்மண்ணில் தமிழர் கதை தொடங்கிற்று என்று பிறர் சொல்லும்போது மறுமொழி இன்றி விழிப்பவர்களும் இவர்களே. இதற்கு ஆசிரியர்கள் பொறுப்பாளிகள் அல்லரோ? பரமேஸ்வரா, ஹங் துவா, அல்புகெர்க் என்று மூன்று பெயர்களை ஒப்பிக்கச் செய்து மலாக்காப் பாடத்தை முடித்தவர்கள் யார்? இன்னொரு சாரார் மேடையேறிக் கடாரம் வென்ற கதையை முழங்கிவிட்டு இறங்கிவிடுகின்றனர். பொய்யாத விநாயகர் கோயில் வாசற்படியை அவர்களும் மிதித்ததில்லை.

மிதித்தால் பெருமிதம் மட்டும் கிட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயிலைக் காத்த மலாக்காச் செட்டிகள் மொழியைக் காக்க இயலவில்லை. (இவர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரோடு குழப்பிக்கொள்ளும் ஆசிரியரும் உண்டு.) பொங்கல் உண்டு, முன்னோர்க்குப் படைக்கும் 'பார்ச்சு' உண்டு, வீட்டில் பேச்சு மட்டும் மலாய். தமிழ்ப்பள்ளி ஏதுமற்ற காலத்தில், மணவுறவால் மண்ணோடு கலந்த சமூகம் அது. அவர்களைப் பழிப்பது அறிவீனம். பள்ளியும் நூலும் ஏடும் கைவசம் இருந்தும் பிள்ளைகளோடு வீட்டில் ஆங்கிலத்தில் பேசும் தமிழாசிரியத் தம்பதியர் என்ன சமாதானம் சொல்வர்?

படகுத்துறையிலிருந்து காஜா பேராங்கிலுள்ள செட்டி கிராமம் வாடகை வண்டிக்குச் சிறிது தொலைவே. அங்கே முத்து மாரியம்மன் கோயில் பக்கம் அமர்ந்திருக்கும் முதியவரிடம் நலம் கேட்க விரும்பும் தமிழாசிரியர், பெரும்பாலும் மலாயில்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.