ஒரு கிழ எஞ்சினின் ஊழியம்

54 வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர், மேலும் 88 வருஷம் கழித்து மறுபடியும் வேலைக்கு வந்தார் என்றால் நேயர்கள் நகைப்பார்கள். மனிதருக்கு இயலாத அந்தக் காரியத்தை 'ஃபேரி குவீன்' என்னும் நீராவி எஞ்சின் செய்து காட்டியிருக்கிறது.

1855-ஆம் வருஷம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செய்யப்பட்டு, அந்த எஞ்சின் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் அதற்கு 22-ஆம் நம்பர். பெயர் சூட்டியது 1895-இல்தான். எடை 26 டன். ஆறு சக்கரங்களில் நடு ஜோடி மட்டுமே வண்டியை இழுக்கும். மற்றவை பாரம் தாங்கும். ஆகையால் பெருஞ் சுமை அதற்கு ஆகாது. ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே இலேசான தபால் வண்டிகளை இழுத்து வந்தது.

ராணிகஞ்ச் நிலக்கரி விளையும் பூமி. ரயில் போட்ட கம்பெனிக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. வருமானம் குறைந்தால் ஈடு செய்தது இந்தியக் குடிகளின் வரிப்பணம். 1857-இல் புரட்சி மூண்டபோது, அதை அடக்கச் சென்ற துருப்புகளையும் இதே எஞ்சின் இழுத்துச் சென்றது. பிறகு பீகாரில் ரயில் பாதை போடும் வேலையில் தேய்ந்து, 1909-இல் ஓய்ந்தது. ஹௌரா ஸ்டேஷன் வாசலில் பல வருஷம் காட்சிப் பொருளாய் நின்றது. 1943-இல் சந்தௌசி ரயில்வே பள்ளிக்கூடத்துக்கும், பின்னர் டில்லிப் பொருட்காட்சி சாலைக்கும் போயிற்று.

அந்நியருக்கு ஊழியம் செய்த இரும்பை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த இரும்புக்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர்கள் யார்? நமது பெரம்பூர் தொழிற்சாலைத் தொழிலாளிகள்! அவர்கள் செப்பனிட்ட எஞ்சின் 1997-இல் டில்லியிலிருந்து ஆல்வாருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. ஒழுங்காக ஓடும் நீராவி எஞ்சின்களில் உலகிலேயே மிகப் பழமையானது என்று 1998-இல் கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது.

தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பக்கம்தான் எஞ்சின் ஓடும், பழி அதனுடையதன்று. குழந்தைகளுக்கு அதைக் காட்டுவோர் கின்னஸ் பெருமையோடு நிறுத்திவிடாமல், 1857-இல் அது யாரை ஏற்றிச் சென்றது என்பதையும் சொல்லவேண்டுமென்பது நமது விருப்பம்.