இழப்பீட்டுக்குப் பிறகான இரவுகள்

கழிவுநீர்த் தொட்டியில் கணவரைப் பறிகொடுத்த பெண், ஒரே நாளில் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாயாகிறார். அவரிடம் நாம் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழை. இரவில் உறங்க முடிகிறதா என்று கேட்பதில்லை.

2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி உள்ளிட்ட முழு மறுவாழ்வையும் வலியுறுத்தியது. போராடிப் பெற்ற தீர்ப்பு அது. ஆனால் அதன் பயனை அடைவதற்குள் காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம் என ஒவ்வோரிடத்திலும் கணவரின் சாவை அப்பெண் மீண்டும் மீண்டும் விவரிக்க வேண்டியிருக்கிறது. வெளியே தளரக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் முன் அழக் கூடாது. இதைத் துணிச்சல் என்று பாராட்டுகிறோம். உண்மையில், துக்கம் கொண்டாடும் அவகாசமும் அவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ரொக்க உதவி, கல்வி உதவித்தொகை, வீடு, தொழிற்பயிற்சி ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. மனநலம் அதில் இல்லை; எனினும் அரசு அறிவிக்கும் பிற உதவிகளுக்கு அப்பிரிவு இடமளிக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 18ஆம் பிரிவோ, சாதிப் பாகுபாடற்ற அரசு மனநலச் சேவையை உரிமையாக்குகிறது. இவ்விரு பிரிவுகளையும் இணைத்தே நாம் கோர வேண்டும்: மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் அத்தாயின் வீடு தேடி வரட்டும்.

சாதி விளைவித்த துயரைத் தனிமனித நோயாகச் சுருக்குவதன்று நம் நோக்கம். குற்றவாளிகள் தண்டிக்கப்படாமல் அவர் மனம் ஆறாது. அதற்காக, தீர்ப்பு வரும்வரை அவரைத் தனியே விடுவதும் நீதியாகாது. இனி நம் மனுக்களில் இழப்பீட்டுக் கோரிக்கையை அடுத்து இதுவும் இடம்பெறட்டும்.