நெளியற சைக்கிள் நம்மள ஏமாத்துதா?

“அண்ணா, மேட்டுல மிதிச்சா சைக்கிள் பாம்பு மாதிரி நெளியுது. பாதி மிதி வேஸ்ட். இனிமே ஷேர் ஆட்டோதான்!” ப்ளஸ் ஒன்ல அரசு கொடுத்த சைக்கிளைப் பத்தி என் தங்கச்சி போட்ட குண்டு இது. அப்பா பழைய இரும்புக் கடையில விலையே கேட்டுட்டு வந்துட்டார். அரக்கோணம் ஜங்ஷன்ல சைக்கிளைப் போட்டுட்டு ரயிலுக்கு ஓடுற ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்கும்தான்.

ஒரு டெஸ்ட். பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, சைக்கிளை லேசா சாய்ச்சு, கீழ இருக்கிற பெடலை ஒரு காலால அழுத்துங்க. கிராங்க் பக்கம் பிரேம் கொஞ்சம் பக்கவாட்டுல நகரும். காலை எடுத்தா பழைய இடத்துக்கே வந்துடும். லேடீஸ் சைக்கிள்ல இது கூடுதல். மேல் பார் தள்ளி நின்னாதான் முறுக்கலைத் தாங்கும். சுடிதாருக்காக அதை இறக்கினதுல விறைப்பும் இறங்கிடுச்சு.

அப்போ மிதி வேஸ்ட்டா? இல்லீங்க. இரும்பு ஒரு ஸ்பிரிங். வளையறப்ப வாங்கின சக்தியில அது சூடாக்கி விழுங்கறது ரொம்பக் கொஞ்சம். நிமிரும்போது பெரும்பகுதியைச் செயின் வழியாத் திருப்பிக் கொடுத்துடும். 1980-களில் அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி பெரிய ரேஸ்களை ஜெயிச்ச விட்டஸ் 979, நெளியறதுக்கே பேர்போன அலுமினிய பிரேம்!

அலாய் சைக்கிள் விறைப்பா இருக்கேன்னு கேட்பீங்க. அலுமினியத்தோட யங்ஸ் மாடுலஸ், இரும்புல மூணுல ஒரு பங்குதான். அதனால குழாயைக் குண்டா போடறாங்க. சுவர் கனத்தை மாத்தாம விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா விறைப்பு 8 மடங்கு. அந்தப் பேப்பர்ல அரியர் வெச்ச எனக்கே இது மனப்பாடம்! குழியில குலுங்காம காப்பாத்தறதும் பிரேம் இல்லை. டயரும் சீட் ஸ்பிரிங்கும்தான்.

தங்கச்சி சைக்கிள்ல நிஜத் திருடன் யாருன்னா, பின் டயர். காத்து பாதிதான் இருந்தது. செயின் காஞ்சு கிடந்தது. கிராங்க் கப் லூஸாகி, மிதிக்கு ஒரு ‘டக்’. தப்பு எங்க மேலதான், ரெண்டு வருஷமா ஒரு சொட்டு எண்ணெய் விடலை. எல்லாம் சரிபண்ணினதும் மேட்டுல சிட்டாப் பறந்தா. நெளிசல் மட்டும் அப்படியே இருக்கு! ஷேர் ஆட்டோ காசு? அதை மட்டும் தினம் கரெக்டா வாங்கிடறா.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நேத்து வரைக்கும் இல்லாத நெளிசல் இன்னிக்குத் திடீர்னு வந்தா, குழாய்கள் சேர்ற ஜாயின்ட்ல பாருங்க. பெயின்ட்ல மெல்லிசா துருக் கோடு ஓடினா அது விரிசலா இருக்கலாம். ஏறாதீங்க, தள்ளிக்கிட்டே கடைக்குப் போங்க.