மறைத் திணிவு மேலே போகுமா?

"இது பரீட்சைக்கு வருமா?" பௌதிகவியலில் பாடத்துக்கு வெளியே எதைக் கேட்டாலும் வீட்டிலும் வகுப்பிலும் முதலில் எழும் கேள்வி இதுதான். அதிலும் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் சொல்லவே வேண்டாம். அது வீண்வேலை என்பதை நான் ஏற்கமாட்டேன். மறைத் திணிவையே எடுத்துக்கொள்வோம்.

பூச்சியத்திலும் குறைந்த திணிவுள்ள பொருளை இதுவரை எவரும் கண்டதில்லை. இருந்தால் எப்படி நடந்துகொள்ளும்? தோழியர் பலரும் எனக்குச் சொன்ன விடை, "மேலே பறக்கும்" என்பதே. நியூற்றனின் விதிகளோ வேறு சொல்கின்றன. ஈர்ப்பு விதியில் மறைக் குறியை இட்டால், புவி அதன்மீது செலுத்தும் விசை மேல்நோக்கித் திரும்புவது உண்மைதான். ஆனால் விசை என்பது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கி வருவதல்லவா? அங்கேயும் திணிவு மறை. ஆகவே ஆர்முடுகல் விசைக்கு எதிர்த்திசையில், அதாவது கீழ்நோக்கி அமையும். மாங்காய் விழும் அதே வேகத்தில் அதுவும் விழும். சரி, விழுந்ததை மேசையில் வைப்போம் என்றால் அதுவும் நடக்காது. மேசை மேலே தள்ளத் தள்ள அது இன்னும் கீழே போகத்தான் பார்க்கும்!

இதைவிட விசித்திரமானது, சம அளவான ஒரு நேர்த் திணிவையும் மறைத் திணிவையும் விண்வெளியில் அருகருகே விடுவது. நேர்த் திணிவு விலகி ஓடும். மறைத் திணிவு அதைத் துரத்தும். இடைத்தூரம் மாறாது, வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். எரிபொருள் இல்லாமலா? சக்திக் காப்பு விதி என்னாவது? கூட்டிப் பாருங்கள்: ஒன்றின் உந்தம் நேர், மற்றதன் உந்தம் மறை; மொத்தம் எப்போதும் பூச்சியம். இயக்கசக்தியும் அப்படியே. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையிலும் இந்த ஓட்டத்துக்கு இடமுண்டு என்பதை 1957இல் ஹெர்மன் பொண்டி காட்டினார். அவரும் இல்லாத பொருளை வைத்துத்தான் கணக்குப் போட்டார்.

எதிர்ப்பொருள் என்பது வேறு. அதன் திணிவு மறையல்ல. ஆனாலும் அது மேலே போகுமோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. சேர்ன் ஆய்வுகூடத்தினர் எதிர் ஐதரசன் அணுக்களை விழவிட்டுப் பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அவையும் கீழேதான் விழுந்தன. எந்தப் பரீட்சைக்கும் வராத கேள்விக்காகத்தான் அத்தனை பேர் உழைத்தார்கள்.

இரண்டு மறைத் திணிவுகளை அருகருகே விட்டால் சேருமா, விலகுமா? விடையை நான் எழுதப்போவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.