சோம்பேறி என்னும் தீர்ப்பு

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். கீதைக்கு அவர் ஒரு பாஷ்யம் எழுதியிருக்கிறார். மனம் காற்றைப்போல் பிடிக்கு அடங்காதது என்று அர்ஜுனன் முறையிடுவதும், பயிற்சியாலும் பற்றின்மையாலும் அதை அடக்கலாம் என்று கண்ணன் விடையளிப்பதும் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் வருகின்றன. யோகத்தை நாடுபவனுக்குச் சொன்ன விடை அது. நாமோ காலப்போக்கில் அதை எல்லோருக்குமான தீர்ப்பாக்கிவிட்டோம். மனம் ஒருநிலைப்படவில்லையா, முயற்சி போதவில்லை. முயற்சி போதவில்லையா, சோம்பேறி. இந்த வாதத்தில் மருத்துவருக்கு இடமே இல்லை.

இன்று அதே ஊரைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் சம்பளம் கொடுத்து வாங்கப்படுவது பெருமளவு கவனமே. பளு தூக்குவதைப் பல இடங்களில் எந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. நகரும் லைனில் நாலு போல்ட்டுகளைக் குறித்த வரிசையில் முடுக்குவதும், கைப்பேசிப் பாகத்தில் நூலிழைக் கீறலைக் கண்டுபிடிப்பதும், ஷிஃப்ட் முடியும்வரை அதையே திரும்பச் செய்வதும் மனிதனுக்கு மிஞ்சியிருக்கின்றன. ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ளவர் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார். அக்குறைபாடு கவனமே இல்லாத நிலை அன்று. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் நிறுத்த இயலாத நிலை. பழுதான எந்திரத்தின் முன் பசி மறந்து மூன்று மணிநேரம் நிற்பவரே, பழுதில்லாத எந்திரத்தின் முன் அரைமணியில் ஒரு போல்ட்டை விட்டுவிடுவார். சூபர்வைசரின் கண்ணுக்கு அது திமிராகத் தெரிவதில் வியப்பில்லை.

வாகனத் தொழிலில் 'போகா யோக்கே' என்ற ஜப்பானியச் சொல் புழக்கத்தில் உண்டு. தவறு நேர முடியாதபடி வேலையையே அமைத்துவிடும் முறை அது. 1960களில் இதை வகுத்த ஷிகியோ ஷிங்கோ முதலில் வைத்த பெயருக்கு 'முட்டாள் தடுப்பு' என்று பொருள். அந்தப் பெயரைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, தன்னை முட்டாள் என்கிறார்கள் என்று அழுதுவிட்டார். அதன்பின் ஷிங்கோ பெயரை மாற்றினார். 'தவறு தடுப்பு' ஆயிற்று. கருவி அதேதான். ஆனால் பழி மனிதனிடமிருந்து தவறுக்கு இடம் மாறியது. வயதுவந்தபின் ஒருவர் நோயறிதலை நாடிச் செல்வதும் இத்தகைய பெயர்மாற்றத்தைத் தேடித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சாக்குத் தேடுவதாக எண்ணுபவர்கள், ஒரு போல்ட்டுக்குக் கொடுத்த மரியாதையை ஓர் ஆளுக்குக் கொடுக்க மறுக்கிறார்கள்.

தேடுவது எளிதாகவும் இல்லை. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டித்தராது. மருத்துவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். நோயாளி உட்கார்ந்து சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் திருத்தப்பட்டபோது, பதினேழு வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் போதும் என்று தளர்த்தியது. ஆனால் அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே குழந்தைப் பருவத்துக்குச் சாட்சி தேவைப்படுகிறது. தாய் திருவண்ணாமலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில். பள்ளியில் மிஞ்சியது மதிப்பெண் பட்டியல் மட்டும். துறுதுறுவென்று ஓடிய பையனையாவது 'சேட்டைக்காரன்' என்று ஊர் நினைவில் வைத்திருக்கும். சன்னலோரம் கனவு கண்டபடி உட்கார்ந்திருந்த பெண்ணை யார் நினைவு வைத்திருப்பார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப்பட்டியல்கூட இதற்கு 'மிகையியக்கம்' என்றே தலைப்பிட்டிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்புதான் கவனக்குறைவைப் பெயரில் சேர்த்தது. விடுதி அறையில் பலரோடு தங்கிக் கைப்பேசி பூட்டும் இளம்பெண்களில் இப்படிக் கணக்கில் வராதவர்கள் இருக்கவே செய்வார்கள்.

தவிர, அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு காலையில் நடப்பது. காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ போனால் பகல் ஷிஃப்ட்காரருக்கு ஒருநாள் சம்பளம் போயிற்று. இரவு ஷிஃப்ட்காரருக்கு ஒருநாள் தூக்கம் போயிற்று. ஒருமுறை போனால் முடிவதுமில்லை. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கிக்கொண்ட மொழி நம்முடையது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தச் சீட்டு யார் கையில் கிடைக்கும் என்ற அச்சம் வேறு.

'தூக்கமில்லாமல் ஷிஃப்ட் மாறி மாறி உழைத்தால் எவனுக்கும் கவனம் சிதறும், இதற்கு ஒரு நோய்ப்பெயர் எதற்கு' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இதே முகத்தோடு வரக்கூடியவை. பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். வேலைநேரத்தின் கொடுமையைத் தனிமனிதனின் மூளைக் குறையாக மாற்றிக் காட்டிவிடும் அபாயம் மெய்யானது. கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி பார்த்துத் தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொள்வதும் நடக்கிறது. ஆனால் இவை அனைத்தும் முறையான பரிசோதனை வேண்டும் என்பதற்கான வாதங்களே. வேண்டாம் என்பதற்கானவை அல்ல. 'உனக்கு அது இல்லை, உனக்குத் தேவை உறக்கம்' என்பதும் ஒரு விடைதான். அந்த விடை கிடைக்கவும் கேட்கும் இடம் ஒன்று வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு, இது தனியாக இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. அந்த உரிமை ஒரகடம் வரை வந்துசேர வேண்டுமென்றால், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இயங்கும் ஓர் அரசு மனநலப் பிரிவு இவ்வட்டாரத்தில் வேண்டும். தொழிற்சாலை மருத்துவ அறைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட தாளை வைக்கலாம். ஒரு நிபந்தனை: நிரப்பிய தாள் தொழிலாளியிடமும் மருத்துவரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். மனிதவளத் துறையின் கோப்புக்குள் அது போய்விட்டால், ஆளைக் காக்க வந்த கேள்வி ஆளைக் கழிக்கும் சல்லடையாகிவிடும்.

பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நோயறிந்தபின்னும் பயிற்சிதான்: பட்டியல் எழுதுவது, அலாரம் வைப்பது, வேலையைத் துண்டாக்கிக்கொள்வது. ஆனால் எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரிந்து செய்யும் பயிற்சிக்கும், இருபது வருடம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு செய்யும் பயிற்சிக்கும் வேறுபாடு உண்டு. முன்னது முப்பத்தைந்து வயதிலும் பலன் தரும். பின்னதை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் லைனிலும் போதுமான அளவு செய்து பார்த்தாயிற்று.