கொல்லையில் ஒரு மீன்குட்டை



வீடு கட்டி முடித்த பின் கொல்லையில் சிறிது இடம் மிஞ்சினால், அதில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலைக் கன்று என்று நட்டுவைப்பது நம் தஞ்சைத் தரணியின் வழக்கம். அந்த வரிசையில் சிறிய மீன்குட்டை ஒன்றும் இப்போது சேர்ந்து வருகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த தகப்பனாரும் ஆசைப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டப்படுகிறது. திங்கட்கிழமை மீன்கள் வந்து சேர்கின்றன. ஒரு மாதம் கழிவதற்குள் நீர் பச்சையாகி, மீன்கள் செத்து மிதந்து, குழி கொசுக்களின் பிறப்பிடமாகிவிடுவதும் உண்டு.

இதற்குக் காரணம் மீனில் இல்லை. வேலையின் வரிசையில் இருக்கிறது. மீன் வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, தண்ணீருக்குக் கணக்கு எழுதுவது. வீட்டுக் கணக்கில் வரவு, இருப்பு, செலவு என்று எழுதுகிறோமல்லவா? குட்டைக்கும் அவ்வாறே எழுத வேண்டும். நீர் எங்கிருந்து வரும், எவ்வளவு நிற்கும், மிகுந்தால் எங்கே போகும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

நம் முன்னோர் பெரிய அளவில் செய்ததும் இதுவே. 16-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட சேவப்ப நாயக்கரின் பெயரால் விளங்கும் ஏரி, மழைநீரைத் திரட்டி வண்டலைப் படியவைத்தது. தெளிந்த நீர் சிவகங்கைக் குளத்திற்குச் சென்றது. அங்கிருந்து நிலத்தடிக் குழாய்களின் வழியே நகரினுள் இருந்த ஐயன்குளத்தை அடைந்தது. நீர் வரும் வழி, தெளியும் இடம், வெளியேறும் வழி ஆகிய மூன்றும் அங்கே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன. எட்டடி நீளக் குட்டைக்கும் அதே விதிதான்.

வரவு

மாநகராட்சிக் குழாய் நீரில் கிருமி நீக்கத்திற்காகக் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அந்நீரைத் திறந்த தொட்டியில் இரண்டு நாள் வெயில்படும்படி வைத்திருந்து பிறகு விடுங்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உயிர்வளி குறைவு. அதை உயரத்திலிருந்து சிதறி விழச்செய்தால் காற்றுக் கலக்கும். நாகை, வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கக்கூடும். அங்கே மாடியில் விழும் மழைநீரே சிறந்தது. முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

வாய்க்கால் நீரைப் பற்றி எச்சரிக்கை தேவை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது வழக்கம். திறந்த சில நாள்களில் கல்லணையைக் கடந்து நம் வாய்க்கால்களுக்கு நீர் வந்துவிடும். ஆனால் குறுவை, சம்பா வயல்களில் பூச்சிமருந்து தெளிக்கும் நாள்களில் வயலிலிருந்து வடியும் நீர் குட்டையில் சேர்ந்தால், ஒரே இரவில் எல்லா மீன்களும் இறந்துபோகலாம்.

இருப்பு

முதற்குட்டைக்கு எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம் போதும். பெருக்கிப் பார்த்தால் 80 கனஅடி. ஒரு கனஅடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். ஆக, 2,200 லிட்டருக்குச் சற்று மேல். இதைவிட ஆழம் குறைந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் நீர் கொதிநீர்போல் ஆகிவிடும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் உயிர்வளி குறையும்: 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். இரவில் நீர்ச்செடிகளும் அதையே சுவாசிப்பதால் விடியற்காலையில் தட்டுப்பாடு முற்றும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியென்று எண்ணித் தீனி போடாதீர்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன.

குழிக்குச் சில்பாலின் விரிப்பதானால் நீளம், அகலம் இரண்டோடும் ஆழத்தின் இருமடங்கையும், கரைக்கு இரண்டடியையும் கூட்டுங்கள். நம் அளவுக்குப் பதினான்கடிக்குப் பதினோரடி விரிப்பு வேண்டும். சிமெண்டுத் தொட்டி கட்டினால் புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும். நீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, ஒரு வாரம் ஊறவைத்துக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பும் பழைய முறையைப் பின்பற்றுங்கள். டெல்டாவுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வரும்போது குட்டை காலியாக இருந்தால், அடியிலிருந்து விரிப்பு உப்பி எழும். ஆகவே அடைமழைக் காலத்தில் குட்டையை ஒருபோதும் காலி செய்யாதீர்கள்.

இடம் தேர்வதில் மற்றொன்று. அரைநாள் வெயில் வேண்டும். இல்லையேல் அல்லி பூக்காது. வேம்பு, புளிய மரங்களின் கீழ் வேண்டாம். உதிரும் இலை அழுகி நீரைக் கெடுக்கும். நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை அல்லி இலைகள் மூடினால் நீர் பச்சையாவதும் குறையும், மீனுக்கு நிழலும் கிடைக்கும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறேன். மீனுக்கு இரண்டடி ஆழம் வேண்டும். ஆனால் தவழும் குழந்தையின் உயிருக்கு அரையடி நீரே போதுமான ஆபத்து. 2021-இல் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அறிவித்தது. குழந்தை மூழ்கும்போது கூச்சல் எழாது. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஓசையே கேட்பதில்லை. ஆகவே குட்டையின் மேல், ஒரு பிள்ளை ஏறி நின்றாலும் தாங்கக்கூடிய இரும்புக் கம்பிவலைச் சட்டம் பொருத்துவதை முதல் நாளே திட்டத்தில் எழுதிவிடுங்கள். காக்கை, கொக்கு, பூனை ஆகியவற்றிலிருந்தும் அது மீனைக் காக்கும். வீட்டில் தவழும் அல்லது தள்ளாடி நடக்கும் பிள்ளை இருந்தால், குழி வெட்டுவதையே மூன்று ஆண்டுகள் தள்ளிவைப்பது நலம். குட்டை காத்திருக்கும்.

செலவு

வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் குட்டை நிரம்பி வழியும். வழியும் நீர் எங்கே போகும்? நம் மாவட்டத்தில் விடை ஒன்றுதான்: தெருவோரத்து வாய்க்கால், அங்கிருந்து வடிகால், அங்கிருந்து ஆறு. குட்டையில் நீங்கள் விட்ட மீனும் அதே வழியே போய்விடும்.

போனால் என்ன என்று கேட்கலாம். சந்தையில் நம்மூர் மீனைப்போலவே விற்கப்படும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரி குளம் அரிது. நம் நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொண்டது. மற்ற மீன்களையெல்லாம் விழுங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடைகளில் விற்கப்படும் தென்னமெரிக்க ‘டேங்க் கிளீனர்’ மீனும் நம் நீர்நிலைகளில் பெருகி, வலைகளை நாசம் செய்கிறது. ஒரு வீட்டின் பொழுதுபோக்கு, வலை வீசிப் பிழைக்கும் இன்னொரு வீட்டின் சோற்றில் கைவைக்கலாகாது.

எனவே கரையைத் தரையைவிட அரையடி உயர்த்துங்கள். நீர் மிகும்போது வெளியேற ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் கொசுவலை போன்ற நெருக்கமான வலையைக் கட்டி, வாழை நட்ட குழியில் விடுங்கள். மீன்கழிவு கலந்த அந்நீர் வாழைக்கு நல்ல உரம். தெருவில் வெள்ளம் ஏறும் தாழ்வான மனையாக இருந்தால், அயல்நாட்டு மீன் எதுவும் வேண்டாம். வெங்காயத்தாமரையும் வேண்டாம், தென்னமெரிக்காவின் அச்செடி நம் வாய்க்கால்களை அடைத்திருப்பதைக் கண்முன் காண்கிறோம்.

வெள்ளத்திற்குக் காத்திராமல் தானே வெளியேறும் மீனும் நம்மிடம் உண்டு. 1791-இல் தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனி அதிகாரியாக இருந்த டால்டார்ஃப் என்பவர், குளத்தருகே நின்ற பனையின் ஈரப்பொந்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அச்செய்தி 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. அதுதான் பனையேறிக் கெண்டை. பனையேறுவது இன்றளவும் வியப்புக்குரிய கதையாக இருப்பினும், அது காற்றைச் சுவாசித்து ஈரத்தரையில் நகர்ந்து செல்வது உண்மை. கம்பிவலை இல்லாத குட்டையில் அது தங்காது.

எந்த மீன்?

பல பள்ளிவாசல்களின் ஹவுழில் மீன் விட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கொசுப்புழுவைத் தின்று ஒளுச் செய்யும் நீரைக் காக்கவே அந்த ஏற்பாடு. கொசு முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பறக்க, நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே குட்டையில் புழுவைத் தின்னும் மீன் கட்டாயம் வேண்டும்.

அதற்காக 1928-இல் வரவழைக்கப்பட்ட கம்பூசியா என்னும் வட அமெரிக்க மீன், உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அது நமக்குத் தேவையில்லை. நம் வாய்க்கால்களிலேயே முண்டக்கண்ணி இருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும். மேலிருந்து பார்த்தால் அதன் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டொன்று மின்னும். அதுவும் சிறு கெண்டைகளுமாகப் பத்துப் பன்னிரண்டு மீன்கள் தொடக்கத்திற்குப் போதும். கட்லா, ரோகு வேண்டாம். கட்லா ஓராண்டிலேயே ஒரு கிலோவை எட்டிவிடும். விரால் வேண்டாம், மற்றவற்றைத் தின்றுவிடும். நிறத்திற்காகத் தங்கமீன் விரும்பினால், மேட்டுப்பாங்கான மனையில் மட்டும் நான்கோடு நிறுத்துங்கள். அது ஓரடி வரை வளரும்.

புதுக்குட்டையில் மீன்கள் சாவது பெரும்பாலும் அவற்றின் கழிவில் உண்டாகும் அம்மோனியாவால்தான். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எனவே கோடையில் குழி வெட்டி, நீர் நிரப்பிச் செடி நடுங்கள். இரண்டு வாரம் கழித்து நான்கு மீன்கள் விடுங்கள். மற்றவற்றை ஒரு மாதம் பொறுத்து விடுங்கள். செடி நட்டது முதல் முதல் மீன் வரும் வரை கொசுவலையால் குட்டையை மூடிவையுங்கள். மீன் விட்டபின் ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடைத்துவைக்கப்பட்ட உயிர் நம்மிடம் ஓர் அமானிதம். விடுமுறை முடிந்து தகப்பனார் விமானம் ஏறிய பிறகு குட்டையை யார் பார்ப்பது என்பதையும் மண் வெட்டுமுன் குடும்பத்தார் கூடித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.