ஜெயித்த காசை யாரிடம் கேட்பது?

சம்பளம் போட்ட சனிக்கிழமை இரவு. டீவியில் பந்து விளையாட்டு. "அண்ணே, அம்பது வெள்ளி கட்டுங்க, நூறா வரும்!" என்று லயத்துக்கே வருகிறான் புக்கியின் ஆள். கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள், தோழர்களே: கணக்கு எப்படித் தீரும்?

ஜார்ஜ்டவுனில் 1864-இல் தோன்றிய குதிரைப் பந்தயக் கிளப், 2025 மே மாதத்தோடு பந்தயத்தை நிறுத்தியது. அங்கே டோட் முறை. கட்டிய பணத்தில் கிளப்பின் பங்கும் வரியும் போக, மிச்சம்தான் ஜெயித்த சீட்டுகளுக்கு. அதிலும் தோற்றவர்களே அதிகம். என்றாலும் கணக்கு பலகையில் தெரிந்தது.

புக்கியிடம் பலகை ஏது? பந்துப் பந்தயம் பொதுவாக 90 நிமிடமும், காயத்துக்காகச் சேர்க்கும் நிமிடங்களும் முடிந்ததும் தீர்ந்துவிடும். கூடுதல் நேரத்தில் உங்கள் குழு கோல் போட்டால் கோப்பை அவர்களுக்கு; உங்கள் காசு போச்சு! அரை கோல் விட்டுக்கொடுத்துக் கட்டியிருந்தால், ஆட்டம் சமமானாலும் தோல்விதான்.

சரி, ஜெயித்தே விட்டீர்கள். அவன் கொடுக்காவிட்டால்? 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பந்தயப் பேச்சு செல்லாது. கோர்ட்டில் கேட்க முடியாது. போலீசுக்கும் போக முடியாது. 1953-ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி, புக்கியிடம் கட்டியவரும் குற்றவாளியே. தோற்ற கடனுக்கு மட்டும் வாசலில் ஆள் வந்து நிற்கும்.

உபதேசம் செய்ய நாம் வரவில்லை, கணக்கைத்தான் காட்டுகிறோம். ஜெயித்தால் கேட்க வழியில்லை, தோற்றால் தப்ப வழியில்லை. அந்த ஐம்பது வெள்ளி அரிசிக்கும், பிள்ளையின் பள்ளி பஸ்ஸுக்கும் போகட்டுமே!